வைனுக்கு மீசை முளைக்குமா?

போன மாதம் பாரிஸிலிருந்து மாமா வட்சப்பில் ஒரு படம் அனுப்பினார். அங்கே ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் பதினெட்டு வருசமாக நிற்கிறார் அவர். படத்தில் இருந்தது அந்த ரெஸ்ரோரண்டின் வைன் பட்டியல். நான் கம்பஸில் பிரெஞ்சும் ஒரு பாடமாக எடுக்கிறேன் என்பதால், இடைக்கிடை இப்படி எதையாவது அனுப்பி, "வாசிச்சுச் சொல்லு பாப்பம்" என்று சோதனை வைப்பது அவருடைய பொழுதுபோக்கு.

சிவப்பு வைன்களின் கீழ் இரண்டு பெயர் அடுத்தடுத்து இருந்தன. வோல்னே: நுண்மை, பட்டு, முழுக்கப் பெண்மை. பொமார்: உடற்கட்டு, பலம், ஆண்மை. வாசித்துச் சொன்னேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது என்ன பிள்ளை, போத்தலுக்கையும் ஆம்பிளை பொம்பிளையோ? எங்கட முதலாளி மேசைக்கு மேசை இதைத்தான் சொல்லித் திரியிறார். சோடியா வந்தா மனுசிக்கு வோல்னே, மனுசனுக்குப் பொமார்."

வேறு கிழமை என்றால் நானும் சிரித்திருப்பேன். அந்தக் கிழமைதான் ஒரு கட்டுரைப் போட்டியின் முடிவு வந்திருந்தது. எங்கட பக்கம் வெங்காயம் கிண்டப் போற பொம்பிளையளுக்கு ஆம்பிளையளை விடக் குறைஞ்ச கூலி ஏன் என்று எழுதியிருந்தேன். ஆர் ஆருக்கு எவ்வளவு குடுக்கினம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, கணக்குப் போட்டு, கோபத்தோடு எழுதின கட்டுரை. நடுவர் குறிப்பில் இருந்தது ஒரே ஒரு வரி: பெண்ணுக்கே உரிய மென்மையோடு எழுதப்பட்டிருக்கிறது. கூலிக் கணக்கில் அவர் எங்கே மென்மையைக் கண்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எழுத்தில் இருந்ததை அவர் வாசிக்கவில்லை. எழுதினவளின் பெயரைத்தான் வாசித்தார்.

அதனால் மாமாவின் படத்தை இலேசில் விட முடியவில்லை. இரண்டு ஊரையும் தேடி வாசிக்கத் தொடங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வோல்னேயும் குடித்ததில்லை, பொமாரும் குடித்ததில்லை. ஒரு போத்தலின் விலை என்னுடைய ஒரு மாதச் செலவைவிடக் கூட. ஆனால் இங்கே நான் கதைக்கப்போவது ருசியைச் சொல்கிற சொல்லைப் பற்றி. சொல்லை வாசிக்கத்தானே மூன்று வருசமாகக் கலைப்பீடத்து வாங்கில் இருக்கிறேன்.

பிரான்சின் கிழக்கில் பேர்கண்டி. அதன் வைன் வியாபாரத்துக்கு நடுநாயகமான சின்ன நகரம் போன். அந்த நகரத்திலிருந்து தெற்கே மூன்று கிலோமீற்றர் அளவில் பொமார் என்ற ஊர். அதைத் தாண்டியதும், சரிவில் கொஞ்சம் உயரமாக, வோல்னே. இரண்டிலும் இருப்பவர்கள் சில நூறு பேர்தான். பொமாருக்கு ஏறக்குறைய 320 ஹெக்டேயர் திராட்சைத் தோட்டம், வோல்னேக்கு 200 ஹெக்டேயருக்குச் சற்றுக் கூட. ஊர்ப் பெயரைப் போத்தலில் போடும் சட்ட உரிமை பொமாருக்கு 1936இலும் வோல்னேக்கு 1937இலும் கிடைத்தது. இரண்டு பெயரிலும் சிவப்பு வைன் மட்டுமே விற்கலாம். திராட்சையும் ஒன்றுதான்: பினோ நுவார். கிராண்ட் குரு என்ற உச்சத் தரம் பெற்ற தோட்டம் இரண்டு ஊரிலும் ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்த படியான பிரெமியே குரு ஒவ்வொன்றிலும் இருபத்தைந்துக்கு மேல் உண்டு. ஒரு வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் மாதிரி. அதில் ஒன்றுக்குக் காப்புப் போட்டு, மற்றதுக்கு மீசை வரைந்து விட்டிருக்கிறார்கள்.

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. வோல்னேயின் மேற்சரிவில் சுண்ணாம்புக்கல் கூட, மண் மெல்லியது, தண்ணி நிற்காது. அங்கே வரும் வைன் பொதுவாக நிறம் கொஞ்சம் வெளிச்சமானது. செர்ரி, ஸ்ரோபெரி, வயலட் பூ மாதிரி மணக்கும், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும் என்கிறார்கள். பொமாரில் களிமண் கூட, சில இடங்களில் இரும்புச் சத்தும் கூட. அங்கே நிறம் அடர்த்தி, கறுத்தப் பழங்களின் மணம், வாயைப் பிடிக்கும் துவர்ப்பு. வயது போகப் போகத் தோல், இறைச்சி மாதிரியான மணம் ஏறும். களிமண், சுண்ணாம்பு, தண்ணி, துவர்ப்பு என்று சொன்னால் கேட்கிறவருக்கு விளங்கும். அதற்கு மேலே ஆண், பெண் என்று ஒன்றைப் போடும்போது எங்களுக்குப் புதிதாக என்ன தெரியவருகிறது? ஒன்றும் இல்லை. தெரிந்ததும் மறைகிறது.

என்னென்ன மறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மறைவது நிலம். பொமாரின் மிகக் கடினமான, மிக "ஆண்மையான" வைன் எங்கே வருகிறது? ரூஜியேன் என்ற தோட்டத்தில். இரும்பேறிய மண்ணின் சிவப்பு நிறத்தால் வந்த பெயர் அது. அது இருப்பது வோல்னேப் பக்கத்தில். வோல்னேயிலிருந்து தூரத்தில், போன் நகரப் பக்கம் இருக்கும் எப்பனோ என்ற தோட்டமோ பொமாரிலேயே மென்மைக்குப் பெயர் போனது. "பெண்" ஊரை நெருங்க நெருங்கப் பெண்மை கூடும் என்று வரைபடத்தைப் பார்த்து ஆராவது நினைத்தால், மண் அவருக்கு முகத்தைத் திருப்பிக் காட்டும்.

எல்லையில் இன்னொரு பகிடி. பொமாரில் பிரெமியே என்று ஒரு தோட்டம், வோல்னேயிலும் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு தோட்டம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியது, ஊர் எல்லை மட்டும் நடுவால் போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் பிடுங்கினால் ஆம்பிளை, அந்தப் பக்கம் பிடுங்கினால் பொம்பிளை. திராட்சைக் கொடிக்கு இது தெரியுமா?

இதைவிட நல்ல கதை சாந்தெனோ தோட்டத்தினுடையது. அது வோல்னேயிலேயே இல்லை, பக்கத்து ஊரான மெர்சோவில் இருக்கிறது. மெர்சோ வெள்ளை வைனுக்குப் பெயர் போன ஊர். ஆகவே விதி இப்படி: அந்த நிலத்தில் வெள்ளைத் திராட்சை நட்டால் போத்தலில் மெர்சோ, கறுப்புத் திராட்சை நட்டால் வோல்னே-சாந்தெனோ. அந்தச் சிவப்பு வைன் வோல்னே என்ற பெயருக்குள் வரும் திடகாத்திரமான வைன்களில் ஒன்று. ஒரு கச்சேரிக் கடதாசி தந்த பெயரை வைத்துக்கொண்டு ஒரு நிலத்துக்கே "பெண்மை" என்று சாட்டுகிறோம்.

இரண்டாவதாக மறைவது கை. இதை விளங்க வைக்க வீட்டுத் தேத்தண்ணி போதும். ஒரே தேயிலை, ஒரே சுடுதண்ணி. இரண்டு நிமிசத்தில் வடித்தால் ஒரு பிளேன்டீ. மறந்துபோய்ப் பத்து நிமிசம் விட்டால் நாக்கைப் பிடிக்கும் இன்னொரு பிளேன்டீ. தேயிலை ஆணாக மாறவில்லை, நாங்கள் வடிக்கப் பிந்திவிட்டோம், அவ்வளவுதான். சிவப்பு வைனும் அப்படித்தான். திராட்சைச் சாற்றுக்கு நிறமும் துவர்ப்பும் தருவது தோலும் விதையும் காம்பும். அவற்றைச் சாற்றோடு எத்தனை நாள் ஊறவிடுவது, ஒரு நாளைக்கு எத்தனை தரம் மிதித்து அமுக்குவது, காம்பை எடுப்பதா விடுவதா, எந்தச் சூட்டில் நொதிக்க வைப்பது, புது ஓக் பீப்பாயா பழசா, எப்போது பிடுங்குவது, ஒரு கொடியில் எத்தனை குலை விடுவது. இவை எல்லாம் ஆராவது ஒருவர் நின்று எடுக்கும் முடிவுகள்.

உதாரணத்துக்கு ஒரு மனுசன். ஊபேர் து மோந்தி வோல்னேக்காரர், தொழிலால் சட்டத்தரணி, 2014இல் காலமானவர். ஜோனத்தன் நோசிற்றர் 2004இல் எடுத்த 'மொண்டோவினோ' என்ற ஆவணப்படத்தில் அவரைப் பார்க்கலாம். அவர் வோல்னேயில் செய்த வைன் இறுக்கத்துக்கும் துவர்ப்புக்கும் பேர் போனது. பத்து வருசம் கிடங்கில் கிடந்தால்தான் கொஞ்சமாவது இளகும். அதே குடும்பத்தில் அடுத்த தலைமுறை கைமாற்றி எடுத்ததும், அதே நிலத்து வைன் மென்மையானது. மண் மாறவில்லை, ஊர் மாறவில்லை. தகப்பன் ஒரு மாதிரிச் செய்தார், மகன் வேறு மாதிரிச் செய்தார். "வோல்னே பெண்மையானது" என்ற வரி அந்த ஐம்பது வருச உழைப்பை எங்கே வைக்கப் போகிறது?

மூன்றாவதாக மறைவது வரலாறு. இந்தக் குணங்கள் ஆதியிலிருந்தே அப்படியே இருந்தன என்று நம்ப வைக்கத்தான் "இயல்பு" என்ற சொல் உதவுகிறது. முந்தின நூற்றாண்டுகளில் வோல்னே இன்றைய சிவப்பே இல்லை. சாற்றைத் தோலோடு கொஞ்ச நேரமே விட்டு, வெளிறிய நிறத்தில் எடுப்பார்கள். கௌதாரியின் கண் நிறம் என்று அதைச் சொல்வார்கள். அந்தக் காலத்து மோஸ்தர் அது. வோல்னே "இலேசு" என்ற பேருக்கு அதில் ஒரு பங்கு கட்டாயம் இருக்கும்.

பொமாரின் "பலத்துக்கும்" ஒரு பின்கதை உண்டு. பொமார் என்பது வெளிநாட்டுக்காரர் நாக்கில் சுகமாக ஏறும் பெயர். அதனால் ஊரில் விளைந்ததைவிடக் கூடுதலான "பொமார்" உலகத்தில் விற்பனையானது. பேர்கண்டியின் மெல்லிய வைனுக்கு உடம்பு ஏற்றுவதற்கு, பிரான்சின் தெற்கிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்த தடித்த வைனைக் கலப்பது வியாபாரிகளிடம் ஊரறிந்த பழக்கம். இதை எதிர்த்து 1920களிலிருந்து சண்டை பிடித்தவர்களில் முக்கியமானவர் வோல்னேயைச் சேர்ந்த மார்க்கி தாஞ்சர்வில். வியாபாரிகள் அவரிடம் வாங்குவதை நிறுத்த, தன் வைனைத் தானே போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார். பிரித்தானியாவிலோ, 1973இல் அந்த நாடு ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேரும்வரை பிரெஞ்சுப் பெயர்ச் சட்டங்கள் செல்லுபடியாகவில்லை.

இதை இன்னொரு தரம் வாசியுங்கள். பிரான்ஸ் 1830இல் போய்ப் பிடித்து, 1962 வரை விடாமல் வைத்திருந்த நாடு அல்ஜீரியா. குடியேறிய பிரெஞ்சுக்காரர் அங்கே நட்ட திராட்சையால், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகிலேயே அதிகமாக வைன் ஏற்றுமதி செய்த நாடும் அதுதான். ரோலண்ட் பார்த் 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் வைனைப் பற்றி எழுதும்போது இதைத்தான் தொட்டுக்காட்டுகிறார்: பிரெஞ்சுக்காரரைச் சந்தோசப்படுத்தும் அந்தப் பானம், அல்ஜீரிய முஸ்லிம்களின் நிலத்தில், அவர்களுக்குச் சாப்பாடு விளைய வேண்டிய இடத்தில், அவர்களுக்குத் தேவையே இல்லாத பயிராக நடப்பட்டது என்று. பாட்டனார் காலத்துக் கனவான் ஒருவர் லண்டனில் இருந்துகொண்டு "ஆகா, என்ன ஆண்மையான பொமார்" என்று மெச்சியபோது, அவர் வாயில் இருந்தது பொமாரின் களிமண்ணா, ஓரானின் வெயிலா? போத்தலைப் பார்த்துச் சொல்ல முடியாது. "ஆண்மை" என்ற சொல் கொள்ளையையும் கலப்படத்தையும் சேர்த்து மூடிவிட்டது.

இதற்குள் எனக்கு மிகவும் பிடித்த விசயம் ஒன்று உண்டு. போன் நகரத்தில் 1443இல் நிக்கொலா ரொலாவும் அவர் மனைவி கிகோன் து சலானும் ஏழைகளுக்காகக் கட்டின ஒரு மருத்துவமனை இருக்கிறது. பலர் அதற்குத் தோட்டங்களைத் தானம் செய்தார்கள். 1859இலிருந்து அந்தத் தோட்டங்களின் வைனைப் பகிரங்கமாக ஏலம் விடுகிறார்கள். ஒவ்வொரு பீப்பாய்த் தொகுதிக்கும் கொடையாளிகளின், சேவை செய்தவர்களின் பெயர் வைப்பது வழக்கம். "பெண்மையான" வோல்னேக்கு என்ன பெயர் தெரியுமா? ஜெனரல் மூத்தோ. ஒரு இராணுவத் தளபதி. "ஆண்மையான" பொமாருக்கு? தாம் து லா ஷரித்தே, தரும சேவைப் பெண்கள். நோயாளிகளைப் பார்த்த பெண்களின் பெயரில் பொமார், ஜெனரலின் பெயரில் வோல்னே. இதையெல்லாம் தெரிந்துகொண்டும் பட்டியல் எழுதுகிறவர்களுக்குக் கை கூசவில்லை.

நான்காவதாக மறைவதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. வைனைப் பெண் என்று கொண்டாடும் இந்த மரபு, உண்மையான பெண்ணை வைனுக்குக் கிட்ட விட்டதா? கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் மூத்த பிளினி எழுதி வைத்தார்: மாதவிடாய் வந்த பெண் கிட்டப் போனால் புது வைன் புளித்துப்போகும் என்று. அந்த நம்பிக்கை பிரான்சின் திராட்சை ஊர்களில் 20ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. வைன் நொதிக்கிற நேரம் பெண்கள் கிடங்குக்குள் இறங்கக்கூடாது. இதை வாசிக்கும்போது எனக்கு அம்மம்மா வீட்டு ஊறுகாய்ச் சாடிதான் ஞாபகம் வந்தது. "அந்த நாளில" அதைத் தொட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று எங்களைத் தூர நிற்க வைத்தார்களே, அதே கதை. அவர்களுக்குப் பீப்பாய், எங்களுக்குச் சாடி.

கிடங்கு மூடியிருந்தாலும் தோட்டம் திறந்தே இருந்தது. வேலைக்கு மட்டும். கவ்வாத்துப் பண்ணுவது ஆம்பிளையின் கைத்திறன். வெட்டின கொப்புகளைக் குனிந்து பொறுக்குவதும், தளிர்களைக் கம்பியில் கட்டுவதும், வேண்டாத முளைகளைக் கிள்ளுவதும் பொம்பிளையின் "இலேசான" வேலை. இலேசான வேலைக்கு இலேசான கூலி. இதை எழுதும்போது பேர்கண்டியை எழுதுகிறேனா, எங்கட வெங்காயத் தோட்டத்தை எழுதுகிறேனா என்று எனக்கே தடுமாறுகிறது. வோல்னேயில் தாய்ப்பியே என்று ஒரு பெயர் பெற்ற தோட்டம் உண்டு. கால்வெட்டி என்று எங்கட பாசையில் சொல்லலாம். அங்கத்தைக் கல் வேலை செய்கிறவர்களின் காலை வெட்டும் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பட்டு மாதிரி வைன் வருகிற இடத்தின் பெயர் வெட்டுப்பட்ட கால். பட்டியலில் பட்டு இருக்கிறது, கால் இல்லை.

1787இல் தோமஸ் ஜெபர்சன், அமெரிக்காவின் தூதராகப் பிரான்சில் இருந்த காலம், இந்த ஊர்களால் பயணம் போனார். அவர் குறித்து வைத்தது இன்றைய வைன் எழுத்துகளைவிட எனக்குப் பெறுமதியாகத் தெரிகிறது. பொமாரிலும் வோல்னேயிலும் தொழிலாளர் நல்ல கோதுமைப் பாண் சாப்பிட்டார்கள், மெர்சோவில் மட்டமான றை தானியப் பாண். ஏன் என்று கேட்டார். வெள்ளை வைன் அடிக்கடி பிழைத்துப்போய் விற்காமல் தேங்கும், அதனால் வெள்ளை வைன் ஊர்க்காரருக்கு ஆட்களுக்கு நல்ல சாப்பாடு குடுக்கக் கட்டாது என்றார்கள். வைனைப் பார்க்கப் போனவர், அதைச் செய்கிறவன் என்ன சாப்பிடுகிறான் என்றும் பார்த்தார். ஜெபர்சனைப் பெரிய மனுசன் ஆக்க நான் வரவில்லை. தன் சொந்தத் தோட்டத்தில் மனிதரை அடிமையாக வைத்திருந்தவர் அவர். அவருக்கே கண்ணில் பட்ட பாண் எங்கட காலத்து வைன் எழுத்தாளருக்குப் படவில்லையே என்பதுதான் என் கேள்வி.

இன்று பெண்கள் கிடங்குக்குள் இருக்கிறார்கள். லாலு பீஸ்-லெருவா 1988இல் தொடங்கிய பண்ணையில் வோல்னே-சாந்தெனோவும் உண்டு, பொமாரும் உண்டு. ஒரே பெண்ணின் கையால் வந்த இரண்டு வைன். ஒன்றைப் பெண் என்றும் மற்றதை ஆண் என்றும் சொன்னால் அவருடைய வேலைக்கு என்ன பெயர்?

இலங்கையில் இருந்துகொண்டு இதைக் கதைக்கிறபோது எங்கட நாட்டுச் சட்டத்தையும் நினைக்காமல் இருக்க ஏலாது. 1979இல் வந்த மதுவரி அறிவித்தல் தவறணையில் பெண்ணுக்கு மதுவிற்கக் கூடாது என்றது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னார். குடிக்கச் சொல்லி நான் ஆரையும் கேட்கவில்லை. குடியால் அழிந்த வீடுகளை எங்கட ஊரில் எண்ணிக் காட்டலாம், அந்த வீடுகளில் அடி வாங்கினது ஆர் என்றும் எங்களுக்குத் தெரியும். ஆனால் கவனியுங்கள்: ஒரு நாட்டில் போத்தலுக்குள் இருப்பதைப் பெண் என்று வர்ணிக்கிறார்கள், இன்னொரு நாட்டில் போத்தலைப் பெண்ணிடமிருந்து பூட்டி வைக்கிறார்கள். இரண்டிலும் முடிவெடுக்கிறவர் ஆர்? பெண் என்றால் இன்னதுதான் என்று எழுதி ஒட்டும் பேனை ஆருடைய கையில்?

"இது வெறும் உவமைதானே, இதுக்கேன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்பீர்கள். கம்பஸில் இதைக் கதைத்தபோது நண்பன் ஒருவனும் அதைத்தான் கேட்டான். ருசியைச் சொல்ல உவமை வேண்டும்தான். ஆனால் உவமை, தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றால் காட்ட வேண்டும். வோல்னே வயலட் பூ மாதிரி என்றால் எனக்கு ஒரு பூ கிடைக்கிறது. பெண் மாதிரி என்றால் எந்தப் பெண்? கிளிநொச்சியில் மீள்குடியேறிக் கிணறு இறைக்கிற என் பெரியம்மாவா? காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு வருசக்கணக்காக றோட்டோரம் இருக்கிற அம்மாக்களா? அவர்களைத் தெரிந்த ஒருத்திக்குப் "பெண்மை" என்றால் இலேசு, வழுக்கல், சீக்கிரம் குடித்து முடிக்கக்கூடியது என்று எப்படி அர்த்தமாகும்? இந்த உவமை வைனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பெண்ணைப் பற்றித்தான் எங்களுக்குப் பாடம் எடுக்கிறது.

சொல் இல்லாமல்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் ஆன் நோபிள் என்ற ஆய்வாளர் 1984இலேயே வைனுக்கு ஒரு மணச் சக்கரம் செய்து வைத்தார். பழம், பூ, மசாலா, மண், மரம் என்று ஆரும் மோந்து பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய சொற்கள் அதில் உண்டு. ஆணும் பெண்ணும் அதில் இல்லை.

தமிழுக்கு வெளியிலிருந்து கடன் வாங்கவும் தேவையில்லை. அறுசுவையில் ஒன்று துவர்ப்பு. வைன்காரர் "டனின்" என்று சொல்லிக்கொண்டு திரிவதை நாவற்பழம் சாப்பிட்ட சின்னப்பிள்ளை "கயர்க்குது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். தொல்காப்பியம் எழுத்துகளை ஒலிக்கிற விதத்தைப் பார்த்து வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து என்று பிரித்தது. வன்மைக்கும் மென்மைக்கும் அங்கே மீசையும் இல்லை, காப்பும் இல்லை. ஆனால் நாங்கள் பெருமைப்பட்டு முடிக்க முதல் இதையும் சொல்லவேண்டும்: பின்னால் வந்த பாட்டியல் நூல்கள் எழுத்துக்கு ஆண், பெண் பார்த்தன. அதோடு நிற்காமல் வருணமும் பார்த்தன. ஒலிக்கே சாதி. ஒரு பொருளில் "இயல்பு" என்று ஒன்றைத் தேடத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே எழுதுகிற நாங்களும் சுத்தமில்லை. ஒரு பெண்ணின் கவிதைத் தொகுப்பு வந்தால் "மென்மொழி", "பெண் மனம்", ஒரு ஆணின் நாவல் வந்தால் "வீரியம்", "திமிர்" என்று எத்தனை விமர்சனம் வாசித்திருக்கிறோம். நானே இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றி எழுதும்போது "ஆண்மையான நடை" என்று போட்டிருக்கிறேன். இன்று திருப்பி வாசித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கதைகளில் வசனம் சின்னச் சின்னதாக இருந்தது, அடைமொழி குறைவு, சாவை அழாமல் சொல்லியிருந்தார். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பஞ்சிப்பட்டு மீசை வரைந்தேன்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். ஒரு வைனோ, கவிதையோ, கட்டுரையோ, அதில் என்ன இருக்கிறது, ஆர் என்ன செய்ததால் அப்படி வந்தது என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல முடியாவிட்டால், நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை, இன்னும் ருசிக்கவில்லை என்று அர்த்தம்.

மாமாவுக்குப் பட்டியலைத் திருத்தி அனுப்பினேன். "வோல்னே: சுண்ணாம்புச் சரிவு. செர்ரி, வயலட் பூ மணம். துவர்ப்புக் குறைவு. பொமார்: களிமண். கறுத்தப் பழம். நல்லாக் கயர்க்கும், பொறுத்துக் குடிக்கவேணும். இரண்டுக்கும் கீழே: செய்தவரின் பெயரைக் கேட்கவும்."

அன்றிரவு வேலை முடிந்து, பின்வாசல் படியில் இருந்துகொண்டு மாமா எடுத்தார். "முதலாளி இதைப் போடமாட்டார் பிள்ளை. ஆனா குசினிப் பெடியளுக்கு வாசிச்சுக் காட்டினனான். கோப்பை கழுவிற பிள்ளை ஒண்டு, மாலியிலயிருந்து வந்தவள், கடைசி வரியைத் திருப்பி வாசிக்கச் சொன்னவள்."